பனி பிடிக்கும் கடலில் கரை ஏன் கரைகிறது?

கடல் பேச்சு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் அலாஸ்காவின் கிவலினா என்ற ஊரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு, அதில் சுமார் 400 பேர், வருஷா வருஷம் கரை குறைந்துகொண்டே வருகிறது, கல் சுவர் போதாது, ஊரையே இடம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று. அந்த நாலு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாம்பனிலிருந்து மூக்கையூர் வரைக்கும், அந்தப் பக்கம் தொண்டி, நம்புதாளை வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்தத் தடவை முழு இடத்தையும் இதற்கே வைத்துக்கொள்கிறேன். கப்பல் வேலை பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.

காக்கா, அலாஸ்கா என்றால் கடலே உறைந்து கிடக்கும் நாடு என்றுதான் படித்திருக்கிறோம். உறைந்த கடலில் அலை ஏது? அலை இல்லாமல் கரை எப்படி அரிக்கும்?
*கல்லூரி மாணவர், தங்கச்சிமடம்*

தம்பி, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 31 வருஷக் கப்பல் வேலையில் ஒரே ஒரு தடவை அந்தக் கரைப் பக்கம் போனேன். 1998 ஆகஸ்ட் மாதம். தாது, தானியம் மாதிரிச் சரக்கைக் குவியலாக ஏற்றும் பல்க் கேரியர் கப்பல் ஒன்றில் போசனாக, அதாவது மேல்தள ஆட்களுக்குத் தலைவனாக, இருந்தேன். ரெட் டாக் சுரங்கத்தின் துத்தநாகத் தாதுவை ஏற்றுவதற்காக அலாஸ்காவின் வடமேற்கே இருக்கும் சுக்சி கடலில் நங்கூரம் போட்டு நின்றோம். அங்கே கரையோரம் ஆழம் கிடையாது, நம் வடகடல் (பாக் விரிகுடா) மாதிரி. பெரிய கப்பல் கிட்டப் போக முடியாது. வெளியே நிற்க வேண்டும், தாது பார்ஜ் என்ற தட்டைப் படகில் வரும். வருஷத்தில் நூறு நாள் போலத்தான் இந்த வேலை, மற்ற நாளெல்லாம் ஐஸ் என்று கேப்டன் சொல்லியிருந்தார். நான் போன அன்று ஒரு துண்டு ஐஸ்கூடக் கண்ணில் படவில்லை. சாம்பல் நிறத் தண்ணீர், காதை அறுக்கிற காற்று, அவ்வளவுதான்.

பார்ஜில் கயிறு பிடித்தவர்களில் ஒருவர் அந்தப் பக்கத்து இனுப்பியாட் பழங்குடி மனிதர். என் வயதுதான் இருக்கும். டீ குடிக்கிற நேரத்தில் அரைகுறை இங்கிலீஷில் பேசிக்கொண்டோம். வடமேற்கே கை காட்டி, பதினேழு மைல் போனால் கிவலினா, தன் மாமனார் ஊர் என்றார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அக்டோபர் மாதத்தில் கடல் கூழ் மாதிரி ஆகிவிடுமாம். அந்தப் பனிக்கூழை அலையே அள்ளிக் கரையில் எறியும். எறிந்தது அப்படியே உறைந்து, கரை நெடுக ஓர் ஆள் உயரத்துக்குச் சுவர் எழும்பும். அதற்குப் பிறகு எந்தக் காற்று அடித்தாலும் அந்தச் சுவரில்தான் மோதும். இன்னும் கொஞ்ச நாளில் கடலே மூடிக்கொள்ளும், கோடை தொடங்கும்வரை அலை என்பதே இருக்காது. "புயல் வருகிற மாதம் மாறவில்லை. கூழ் வருகிற மாதம் தள்ளிப்போய்விட்டது" என்றார். உங்கள் கேள்விக்குப் பதில் அந்த இரண்டு வரியில் இருக்கிறது, தம்பி. அந்தக் கடலில் பெரிய புயல்கள் இலையுதிர் காலத்தில்தான் வரும். ஐஸ் இருந்தவரை புயல் வந்தும் கரை பிழைத்தது. இப்போது புயல் வரும் நேரத்தில் கடல் திறந்து கிடக்கிறது.

ஐஸ் இல்லாவிட்டால் இன்னொரு கெடுதலும் உண்டு. காற்று எவ்வளவு தூரம் தண்ணீரின்மேல் ஓடி வருகிறதோ அவ்வளவுக்கு அலை வளரும். இது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) குமுறிக்கொண்டிருக்கும்போது பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் வடகடல் குளம் மாதிரி கிடக்கும். அதே வடகடலில் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று இறங்கினால் படகைக் கட்டி வைக்க முடியாது. காற்று ஓடி வர இடம் கிடைத்துவிடுகிறது அல்லவா, அதனால்தான். ஐஸ் விளிம்பு வடக்கே ஒதுங்க ஒதுங்க, சுக்சி கடலில் காற்றுக்கு அந்த ஓட்டம் கூடிக்கொண்டே போகிறது.

மூன்றாவது, மண். அந்தக் கரைகளில் பல இடங்களில் நிலத்துக்கு அடியில் மண்ணும் தண்ணீரும் சேர்ந்து வருஷம் முழுக்க உறைந்து கிடக்கும். ஐஸ்தான் அங்கே சிமெண்ட். சூடேறிய கடல்தண்ணீர் கரையின் அடிப்பாகத்தைத் தொட்டால் அந்தச் சிமெண்ட் உருகிப் பொந்து விழுகிறது. மேலே வீடு நிற்கும், கீழே வெறும் பொந்து. ஒருநாள் மொத்தமாகப் பாளம் பாளமாகச் சரியும். ஷிஷ்மரெஃப் என்ற தீவு ஊரில் வீடு ஒன்று கரையிலிருந்து தலைகுப்புறச் சாய்ந்து கிடக்கிற படம் பத்திரிகைகளில் வந்தது. நம் கரையில் மணல் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், வாடை முடிந்தால் கொஞ்சம் திரும்பி வரும். உறைமண் போனால் திரும்பாது. அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு அவர்கள் கஷ்டத்தை நம் கஷ்டத்தோடு ஒப்பிடக் கூடாது.

ஐயா, எங்கள் ஊரில் கடல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. கல் கொட்டித் தரச் சொல்லி நாலு வருஷமாக மனு கொடுக்கிறோம். நீங்களோ கல் சுவர் போதாது என்று எழுதுகிறீர்கள். வேறு என்னதான் செய்வது?
*குடும்பத் தலைவி, வாலிநோக்கம் அருகே*

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ராத்திரி அலைச் சத்தம் கேட்டால் பிள்ளைகளை எழுப்பி உட்கார வைக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இருக்கிறவரிடம் கல் கேட்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டுக்கும் அலைக்கும் நடுவே பத்தடிதான் இருக்கிறதென்றால் கல்தான் வேண்டும், உடனே வேண்டும். மனுவை விடாதீர்கள்.

ஆனால் கல் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் தெரிந்து கேளுங்கள். கிவலினாவில் 2006-ல் மணல் நிரப்பிய கூடைகளை அடுக்கித் தடுப்புக் கட்டினார்கள். திறப்பு விழாவை ஒட்டி வந்த புயலே அதில் ஒரு பகுதியைப் பிய்த்துக்கொண்டு போனது. அப்புறம் ராணுவப் பொறியாளர்கள் பெரிய பாறைகளைச் சரிவாக அடுக்கினார்கள். அது நிற்கிறது. ஆனால் ஊர் வேறு இடத்துக்கு மாறும்வரை தாங்கட்டும் என்றுதான் போட்டார்களே தவிர, நிரந்தரம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கரையில் பல ஊர்களில் பாறையே கிடையாது. நோம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு மலையை உடைத்து, கடல் திறந்திருக்கும் சில மாதங்களுக்குள் பார்ஜில் கொண்டுபோக வேண்டும். ஒரு கல்லின் விலையில் பாதி அது பயணம் செய்த செலவுதான் என்று தோன்றும்.

செங்குத்துச் சுவரைவிடச் சரிவான கல் அடுக்கு நல்லது. செங்குத்துச் சுவரில் மோதிய அலை கீழே இறங்கி அடிமணலைத் தோண்டும். கொஞ்ச நாளில் சுவருக்கு முன்னால் கரையே இருக்காது, வள்ளத்தை எங்கே ஏற்றுவீர்கள்? கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பான தூண்டில் வளைவைக் கேட்கிறவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். மணல் கரையோரமாக ஓடிக்கொண்டே இருப்பது, கச்சானில் ஒரு பக்கம், வாடையில் மறுபக்கம். குறுக்கே கல்லை நீட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கத்து ஊர் அரிபடும். அந்த ஊரிலும் நம் சொந்தக்காரர்கள்தான் இருக்கிறார்கள். ஆகவே தூண்டில் வளைவு கேட்டால், பக்கத்து இரண்டு ஊரையும் சேர்த்து அளந்து பார்த்த பிறகு போடச் சொல்லிக் கேளுங்கள்.

கனடாவில், கியூபெக் மாகாணத்தில் பெர்சே என்று ஒரு கடலோர ஊர். அங்கேயும் குளிர்காலத்தில் கரையோரம் பிடிக்கும் ஐஸ்தான் முன்பு காவல், அது குறைந்துவிட்டது. 2016 டிசம்பரில் வந்த புயல் ஊரின் கான்கிரீட் சுவரையும் நடைபாதையையும் உடைத்தது. அவர்கள் அதே சுவரைத் திருப்பிக் கட்டவில்லை. உடைந்த கான்கிரீட்டை எடுத்துவிட்டுக் கூழாங்கல்லைக் கொண்டுவந்து கொட்டி அகலமான கரை ஒன்றை உண்டாக்கினார்கள், நடைபாதையைப் பின்னுக்குத் தள்ளினார்கள். கூழாங்கல் அலையோடு உருளும், அலையின் வேகத்தைக் குடித்துவிடும். இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

நமக்குக் கூழாங்கல் இல்லை. ஆனால் மணல்மேடு உண்டு, அதைக் கட்டி வைத்திருக்கும் அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் உண்டு. அதை முள் என்று பிடுங்கிப் போடுகிறோம். பந்தல் போட, வலை காயவைக்க இடம் வேண்டும் என்று மேட்டைச் சமப்படுத்துகிறோம். வீட்டுமனை நிரவ டிராக்டரில் மணல் அள்ளுகிறோம். இதை நிறுத்துவது உங்கள் ஊரின் கையில் இருக்கிறது, மனு தேவையில்லை. கச்சான் தொடங்குமுன் காற்றுக்குக் குறுக்கே பனை ஓலைத் தட்டியை இரண்டு வரிசை நட்டு வையுங்கள். இடுப்பு உயரம் போதும், காற்று கொஞ்சம் ஊடுருவிப் போகிற மாதிரி இருக்கட்டும். மணல் தானாகத் தட்டியின் காலடியில் சேரும். ஐப்பசி மழை விழுந்ததும் அந்த மணலில் அடம்பங்கொடித் துண்டுகளை ஊன்றுங்கள். ஒரு வருஷத்தில் பலன் தெரியாது. மூன்று வருஷத்தில் தெரியும். உங்கள் வாசலுக்கு முன்னால் இதற்கு இடம் இல்லாமல் இருக்கலாம், ஊரின் இரண்டு ஓரத்திலும் கண்டிப்பாக இடம் இருக்கும்.

இன்னொன்று, அளவு. அலாஸ்காக் கிராமங்களில் ஊர்க்காரர்களே முளை அடித்து, கரை விளிம்பு முளையிலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதி வைக்கிறார்கள். நீங்களும் பனங்கட்டை நாலை நட்டு நம்பர் போடுங்கள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அதே இடத்தில் நின்று செல்போனில் ஒரு படம். "கடல் வாசலுக்கு வந்துவிட்டது" என்ற மனுவை ஓரமாக வைப்பார்கள். "14 மாதத்தில் 22 அடி போயிருக்கிறது, இதோ நோட்டு" என்று அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து நின்று படித்தால் அதைத் தீர்மானத்தில் எழுதியே ஆக வேண்டும். நோட்டைப் பெண்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் கடலுக்குப் போய்விடுவார்கள்.

கீழக்கரைப் பக்கம் ஒரு தீவே முழுகிப்போனது என்கிறார்களே, உண்மையா?
*ஆசிரியை, பெரியபட்டினம்*

உண்மைதான், டீச்சர். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அதில் இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. ஒன்று எங்கள் பக்கத்துப் பூவரசன்பட்டி, மற்றொன்று தெற்கே விலாங்குசல்லி. கடல்மட்டம் ஏறுவது மட்டும் காரணம் இல்லை. தீவைச் சுற்றியிருந்த பாரை, அதாவது பவளத் திட்டை, வெட்டி எடுத்துவிட்டோம். முருகைக்கல் என்கிற அந்தப் பவளக்கல்லை வள்ளம் வள்ளமாகக் கொண்டுவந்து சுண்ணாம்புக் காளவாயில் போட்டோம், அஸ்திவாரத்துக்குப் போட்டோம். 2001-ல் பவளத்தைச் சட்டப்படி காப்பாற்ற வேண்டிய உயிராகச் சேர்த்தார்கள், அதற்குப் பிறகும் சில வருஷம் வெட்டுவது நிற்கவில்லை. என் வாப்பா கட்டிய வீட்டில் நான் இன்றும் இருக்கிறேன். அதன் சுவரில் அந்தச் சுண்ணாம்புதான் இருக்கிறது. அப்போது அது தப்பென்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இருந்தாலும் மனசு உறுத்துகிறது.

அந்த பார்ஜ்காரர் என்னிடம் கேட்டது இது: "உங்கள் கரைக்கு முன்னால் எது நிற்கிறது?" அவருக்கு ஐஸ். நமக்குப் பார், அதற்கு உள்ளே கடல்புல். அலை பாரில் உடைந்து, பலம் போய்த்தான் நம் கரைக்கு வருகிறது. 2010-லும் 2016-லும் கடல் சூடேறியபோது பவளம் வெளுத்துச் செத்தது. செத்த பார் நாளடைவில் நொறுங்கிவிடும். தூத்துக்குடிப் பக்கம் வான் தீவு கரைந்துகொண்டே வந்தபோது, 2015 முதல் அதற்கு முன்னால் கான்கிரீட்டில் செயற்கைப் பார்களை இறக்கினார்கள். அலை அதில் உடைகிறது, அதன்மேல் பவளமும் பிடிக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதையும் சொல்லுங்கள், முழுகியதை மட்டும் சொன்னால் பயந்துவிடுவார்கள்.

என் தாத்தா தனுஷ்கோடிக்காரர். 1964-க்குப் பிறகு ராமேஸ்வரத்தில் வந்து குடியேறினார். சாகும்வரை "என் ஊர், என் ஊர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அலாஸ்காவில் ஊரையே இடம் மாற்றுகிறார்கள் என்று எழுதினீர்கள். ஊரை மாற்ற முடியுமா அண்ணே?
*ஆட்டோ ஓட்டுநர், ராமேஸ்வரம்*

முடியும் தம்பி, ஆனால் ரொம்பக் கஷ்டம். உங்கள் தாத்தாவுக்கு நடந்ததை இடமாற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி கடல் வந்தது, பாம்பனிலிருந்து போன ரயிலே பயணிகளோடு போனது, மிஞ்சியவர்கள் உடுத்த துணியோடு வந்தார்கள். அதன் பிறகு அது குடியிருக்க லாயக்கில்லாத இடம் என்று அறிவித்துவிட்டார்கள். அவரிடம் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

அலாஸ்காவில் நியூடாக் என்ற, யூப்பிக் பழங்குடி மக்களின் ஊரில் வேறு மாதிரி நடந்தது. ஆறு அவர்கள் கரையைத் தின்றுகொண்டிருந்தது, உறைமண் உருகித் தெருவெல்லாம் சேறு. எந்தப் புயலும் வந்து துரத்துமுன் அவர்களே கூடிப் பேசி, ஆற்றுக்கு அக்கரையில் ஒன்பது மைல் தள்ளி மேடான இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அரசாங்கத்தோடு நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்ள 2003-ல் சட்டம் வந்தது. முதல் குடும்பங்கள் குடியேறியது 2019 அக்டோபரில். மீதிப் பேர் போனது 2024-ல். நிலம் கைக்கு வந்தும் இருபத்தொரு வருஷம்! நடுவில் ஊர் இரண்டாகக் கிடந்தது. ஷிஷ்மரெஃப் மக்கள் 2002-லும் 2016-லும் இடம் மாறலாம் என்று ஓட்டுப் போட்டார்கள், பணம் இல்லாததால் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம் தெரிந்தபோது எனக்குக் கோபமே வந்தது. கிவலினா மக்கள் காலங்காலமாக அந்தத் திட்டில் நிரந்தரமாக இருந்தவர்கள் இல்லை. பருவத்துக்குப் பருவம் வேட்டைக்கும் மீனுக்கும் இடம் மாறிக்கொண்டிருந்தவர்கள். 1905-ல் அரசாங்கம் அங்கே பள்ளிக்கூடம் கட்டி, பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர் என்று சொல்லித்தான் அங்கேயே தங்கினார்கள். இப்போது பாருங்கள், காயலைத் தாண்டி உள்நாட்டு மேட்டுக்குச் சாலை போட்டு, அங்கே புதுப் பள்ளிக்கூடத்தை 2022-ல் திறந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் எங்கேயோ ஊர் அங்கேதான் போகும். எந்த அதிகாரியாவது உங்கள் குப்பத்தை மாற்றுகிறேன் என்று வந்தால் வீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: பள்ளி எங்கே, குடிதண்ணீர் எங்கே, வள்ளம் ஏற்றுகிற இடம் எங்கே. கடலிலிருந்து நாலு மைல் தள்ளி வரிசை வீடு கட்டிக் கொடுத்தால் மீன்பிடிக்கிறவன் எப்படிப் பிழைப்பான்? பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே குடிசை போட வந்துவிடுவான்.

நியூடாக்காரர்களின் புது ஊர்ப் பெயர் மெர்டார்விக். அவர்கள் பாஷையில் ஊற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் இடம் என்று அர்த்தமாம். படித்தபோது தனுஷ்கோடிதான் ஞாபகம் வந்தது. இரண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவில் மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். சிரட்டையில் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டு போகும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் தாத்தா அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர். அவர் "என் ஊர்" என்று சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

சாக்கு மூட்டையில் மணல் கட்டி அடுக்கினால் தாங்குமா?
*மீனவர், திருப்பாலைக்குடி*

ஒரு புயலுக்குத் தாங்கும். வெயிலில் பிளாஸ்டிக் சாக்கு இற்றுவிடும், பிறகு கிழிசல் எல்லாம் உங்கள் வலையில்தான் வரும். உங்கள் பக்கம் சேற்றுக்கரை. காரங்காட்டில் அலையாத்திக் காடு எப்படி நிற்கிறது என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். கரையில் இரண்டு வரிசை கண்டல் பிடித்துவிட்டால் மூட்டை தேவைப்படாது.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் ஊரில் புயல் வந்தால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். அலாஸ்காவில் எப்படிச் சொல்வார்கள்?
*மாணவி, பாம்பன்*

நல்ல கேள்வி மகளே. அங்கே ரேடியோ, செல்போன், வானிலை ஆபீஸின் எச்சரிக்கை எல்லாம் உண்டு. சொல்வதில் குறைவில்லை. ஓடுவதற்கு வழிதான் இல்லை. அந்த ஊர்கள் பலவற்றுக்குச் சாலையே கிடையாது, சின்ன விமானம், அல்லது படகு. 2007-ல் கிவலினா மக்கள் புயலுக்குப் பயந்து ஊரைக் காலி செய்யப் பட்ட பாட்டில்தான் நான் மேலே சொன்ன சாலைக்கே வழி பிறந்தது. 2025 அக்டோபரில் ஹாலாங் என்ற சூறாவளியின் மிச்சம் வந்து கிப்னுக், க்விகில்லிங்கோக் என்ற இரண்டு ஊர்களை அடித்தது. வீடுகள் அஸ்திவாரத்தைவிட்டுக் கிளம்பி, சிலது ஆட்களோடு, மிதந்து போயின. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விமானத்தில் ஏற்றி வேறு ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ராத்திரி கிப்னுக்கில் நிறையப் பேர் ஒதுங்கியது ஊர்ப் பள்ளிக்கூடத்தில்.

உன் ஊர்க் கூண்டைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். 3-ம் எண் ஏற்றினால் பலத்த காற்று வரும், கடலுக்குப் போகாதே என்று அர்த்தம். 8, 9, 10 பெரிய அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. ஆனால் காற்றே இல்லாத நாளில், எங்கேயோ தெற்கே இந்துமாக்கடலில் கிளம்பிய அலை இங்கே வந்து கரையேறும், கள்ளக்கடல் என்கிறார்கள். அதற்குக் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் செய்தி அனுப்புகிறது, உன் வாப்பாவோ அப்பாவோ அந்தச் செய்தி வரும் போனை வீட்டில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்.

அப்புறம் உனக்கு ஒரு வேலை. ராத்திரி தண்ணீர் ஏறினால் உன் தெருவில் எத்தனை வீட்டுக்கு மாடி இருக்கிறது, நடக்க முடியாத பாட்டிகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார். உங்கள் பள்ளிக்கூட மாடிக் கதவின் சாவி ராத்திரியில் யாரிடம் இருக்கிறது என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு எனக்கு எழுது.